முடித்து வைக்கும் உரிமை

1

ஒரு படைப்பு எந்த இடத்தில் முடிகிறது, முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை நாம் கவிதையையும் நாவலையும் முன்வைத்தே பேசி வந்திருக்கிறோம். அச்சாகிவிட்ட பிரதி வாசகனுடையது என்கிறோம். ஆனால் எந்த வாசகனும் கவிஞனுக்குக் கடிதம் எழுதி, மூன்றாவது பத்தியில் இன்னொரு படிமம் சேர்த்துத் தரும்படி கேட்பதில்லை. கேட்டால் சிரிப்போம். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவனின் நிலை வேறு. அவனுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இதைச் சேர்த்தால் நன்றாக இருக்கும், அது இல்லாததால் என் வேலை நின்றுபோய்விட்டது, இது கூடவா இல்லை?

விலைக்கு விற்கும் கம்பெனிக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. எது விற்குமோ அதைச் சேர்க்கும். மூலத்தை யாரும் படிக்கவும் மாற்றவும் திறந்து வைத்துவிட்டு, காசு வாங்காமல் கொடுக்கிறவனுக்குத்தான் சிக்கல். கேட்பவர் அவனுக்கு வாடிக்கையாளர் அல்ல. பல சமயம் அவனைப்போலவே விஷயம் தெரிந்தவர். கேட்பதும் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். ஒவ்வொரு வேண்டுகோளையும் தனியாக எடுத்துப் பார்த்தால் மறுக்கக் காரணம் கிடைக்காது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால், பத்து வருஷத்தில் அந்தப் புரோகிராம் யாருக்கும் விளங்காத ஒன்றாக, எழுதியவனுக்கே அந்நியமானதாக ஆகிவிடும். எதையுமே ஏற்காவிட்டால் அது ஒரு ஆள் மட்டும் உபயோகிக்கும் பொருளாகச் சுருங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எடுத்த முடிவின் சரித்திரத்தைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அவர் டொனால்ட் க்னூத். புரோகிராமின் பெயர் டெக். கிரேக்க எழுத்துகளான டௌ, எப்ஸிலான், கை என்ற மூன்றும் சேர்ந்த பெயர். கலை, தொழில் நுட்பம் என்ற இரண்டு பொருளும் உள்ள கிரேக்கச் சொல்லின் தலைப்பகுதி. அச்சுக் கோக்கும் புரோகிராம் என்பதால் நமக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. காலி புரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத் திண்ணைகளில் காத்திருந்தவர்களின் பரம்பரையில் வந்தவர்கள் நாம்.

2

எல்லாம் ஒரு காலி புரூஃபில்தான் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் புரோகிராமிங் கலை என்ற பெயரில் க்னூத் எழுதத் தொடங்கிய பெருநூலின் முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவை மோனோடைப்பில், ஈய எழுத்தில் கோக்கப்பட்டவை. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான காலிகள் 1977 மார்ச் இறுதியில் அவரிடம் வந்தபோது ஈயத்தின் காலம் முடிந்துபோயிருந்தது. ஒளியச்சுக் கோப்பில் வந்த அந்தப் பக்கங்களை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை. எழுத்துகளின் வடிவமும் இடைவெளியும் பழைய பதிப்போடு ஒட்டவேயில்லை. இதற்குச் சிறிது முன்புதான், எழுத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் புதிய கருவி ஒன்றின் பக்கங்களை அவர் பார்த்திருந்தார். எழுத்து என்பது புள்ளி இருப்பதும் இல்லாததும்தான் என்றால், அது தன் துறையைச் சேர்ந்த பிரச்னை. தானே தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

1977 மே 13 தேதியிட்ட குறிப்பு ஒன்றில் டெக்கின் முதல் வரைவு இருக்கிறது. அந்தக் கோடையில் அவர் சீனா போனார். எழுதிப் பார்க்கும் வேலையை ஃபிராங்க் லியாங், மைக்கேல் பிளாஸ் என்ற இரண்டு மாணவர்களிடம் விட்டுப் போனார். திரும்பி வந்து தானே உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான், அந்த மாணவர்கள் எத்தனை கேள்விகளை எதிர்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. தெளிவானது என்று அவர் நினைத்த வரைவில் ஒவ்வொரு வரியிலும் ஒரு சந்தேகம் ஒளிந்திருந்தது. இதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள உதவும். புது மாதிரியான ஒரு கருவியைத் திட்டமிடுகிறவனே அதை எழுத வேண்டும், அவனே முதலில் உபயோகிக்க வேண்டும், அதன் கையேட்டையும் அவனே எழுத வேண்டும். திட்டம் ஒருவர், செய்கை ஒருவர், விளக்கம் ஒருவர் என்று பிரிந்தால் எந்த வசதி தேவை, எது தேவையில்லை என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

ஓர் ஆண்டில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 1978 ஜனவரிக் கூட்டத்தில் கணித அச்சைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவோடு விஷயம் வெளியே பரவிவிட்டது. கணிதக்காரர்களுக்கு அச்சகம் அன்று ஒரு நரகம். சூத்திரங்களைக் கோக்கத் தெரிந்த கம்பாசிட்டர்கள் அருகிக்கொண்டிருந்தார்கள். 1979இல் கணிதக் கழகத்தின் ஆட்கள் ஸ்டான்ஃபோர்டுக்கே வந்து தங்கி வேலை செய்தார்கள். 1980இல் உபயோகிப்பவர்களின் சங்கம் ஒன்று உருவாகி, டக்போட் என்ற பத்திரிகையும் தொடங்கியது. வேண்டுகோள்கள் வரத் தொடங்கின.

முதல் டெக், செயில் என்ற மொழியில், ஸ்டான்ஃபோர்டில் இருந்ததைப் போன்ற பெரிய யந்திரங்களில் மட்டும் ஓடுமாறு எழுதப்பட்டது. மற்ற யந்திரங்கள் வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மூலம் கையில் இருந்தது. ஆளாளுக்குத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். பெயர்க்கும்போதே தமக்கு வேண்டியதைச் சேர்த்தும் வேண்டாததை விட்டும் கொண்டார்கள். விளைவு, டெக் என்ற ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல டெக்குகள். ஓர் ஊரில் எழுதியது இன்னோர் ஊரில் வேறு மாதிரி வரி உடைந்து வந்தது. கேட்டதையெல்லாம் கேட்டவர்களே ஒரே பெயரில் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் அனுபவம். க்னூத் பழைய புரோகிராமை ஒதுக்கிவிட்டு, எந்த யந்திரத்திலும் ஓடும்படி முதலிலிருந்து முழுதும் மறுபடி எழுதினார். அதுதான் 1982இன் டெக். கையேடு 1984இல் வந்தது. புரோகிராமின் முழு மூலமும், எழுத்துருக்களின் மூலமும் உட்பட ஐந்து தொகுதிகள் 1986இல் புத்தகங்களாகவே வெளிவந்தன. ஒரு புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விளக்கத்தோடு ஓர் இலக்கியப் பிரதியைப்போல் அச்சிட்டு வைத்தது அந்தத் துறையில் அபூர்வமான காரியம்.

1978 முதல் அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். டெக்கில் செய்த ஒவ்வொரு திருத்தமும், தேதியோடு, காரணத்தோடு அதில் இருக்கிறது. எண்ணூறுக்கு மேற்பட்ட பதிவுகள். 1989இல் டெக்கின் பிழைகள் என்ற கட்டுரையாக இதை அவர் வெளியிட்டபோது, ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை முத்திரையாக இட்டிருந்தார். மொத்தம் 15 வகை. சிந்தனையில் நேர்ந்த தவறு ஒரு வகை, கைத்தவறு ஒரு வகை, மறந்துபோனது ஒரு வகை, மற்றவர் கேட்டோ தனக்குத் தோன்றியோ புதிதாகச் சேர்த்த வளர்ச்சி இன்னொரு வகை. தன் கையெழுத்துப் பிரதியின் அடித்தல் திருத்தல்களை இப்படி வகைபிரித்துப் பகிரங்கமாக வைக்கும் துணிவு நம் எழுத்தாளர் எத்தனை பேருக்கு இருக்கும் என்று யோசிக்கிறேன்.

பிழையைக் கண்டு சொல்பவருக்கு அவர் காசோலை அனுப்பினார். 2 டாலர் 56 சென்ட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு இரட்டித்து, டெக்கில் ஒரு பிழைக்கு 327 டாலர் 68 சென்ட் என்ற இடத்தில் நிறுத்தினார். பலர் அதை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்தார்கள். 2008க்குப் பிறகு, வங்கி மோசடிக்குப் பயந்து, இல்லாத நாட்டின் இல்லாத வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழாகக் கொடுக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, பிழைக்குத்தான் பரிசு. விருப்பத்துக்குப் பரிசு கிடையாது. இது தவறு என்பதும் இது எனக்குப் போதவில்லை என்பதும் வேறு வேறு வாக்கியங்கள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

3

இதுவரை சொன்னதைப் படிப்பவர்களுக்கு க்னூத் நம் ஆள் என்று தோன்றக்கூடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாசகன் கேட்கிறான் என்பதற்காக எதையும் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்துக்கொண்டு வெளிவந்த பத்திரிகைகளில் பழகியவனுக்கு, இவரிடம் ஒரு கூட்டாளியைக் கண்ட சந்தோஷம். 1989ஐப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் குறைந்தது.

1982இன் டெக் உள்ளே ஏற்றுக்கொண்ட எழுத்துக் குறியீடுகள் 128. ஆங்கிலத்துக்கு அது தாராளம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் செக்கிலும் எழுத்துகளுக்கு மேலே உள்ள குறிகளைத் தனியே ஏற்றி ஒட்டவைக்க ஒரு கட்டளை இருந்தது. பார்வைக்கு எழுத்துச் சரியாக வந்துவிடும். ஆனால் வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டி வரும்போது, இப்படி ஒட்டவைத்த எழுத்தைச் சந்தித்ததும் டெக் அந்தச் சொல்லின் மீதிப் பகுதியைக் கைவிட்டுவிடும். அதை அது உடைக்காது. ஆங்கிலத்தில் எப்போதாவது ஒரு சொல்லுக்கு நேரும் இந்தச் சங்கடம் செக் மொழியில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் நேரும். மேலும், சொல் உடைக்கும் விதிகளில் ஒரே சமயத்தில் ஒரு மொழியின் விதிகளைத்தான் அது வைத்துக்கொள்ளும். இரண்டு மொழி கலந்த புத்தகம் என்றால் ஒரு மொழி ஊனப்பட வேண்டியதுதான்.

உபயோகிப்பவர்கள் இதைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். இரண்டு மொழி நாடான கனடாவில் மைக்கேல் ஃபெர்குஸன் என்பவர் 1980களின் நடுவிலேயே பன்மொழி டெக் ஒன்றைத் தாமே மாற்றியமைத்துக்கொண்டார். வலமிருந்து இடமாக எழுதும் அரபு, ஹீப்ரு மொழிகளின் விஷயத்தை க்னூத்தே எடுத்துக்கொண்டு, பியர் மக்கே என்ற அறிஞரோடு சேர்ந்து 1987இல் ஒரு வழி சொன்னார். ஆனால் அதை டெக்கில் சேர்க்கவில்லை. பெயரைக் கண்ணாடியில் திருப்பியதுபோல் எழுதி, வேறு ஒரு புரோகிராமாக நிறுத்தினார். டெக் முடிந்துபோனது; முடிந்ததில் கை வைப்பதில்லை.

1989 ஆகஸ்டில் உபயோகிப்பவர் சங்கத்தின் பத்தாவது ஆண்டுக் கூட்டம் ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அங்கே அவரை நேரில் பிடித்துக்கொண்டார்கள். கடிதத்தில் மறுக்கலாம். எதிரில் உட்கார்ந்து, எங்கள் மொழியின் சாதாரணச் சொல்லை உங்கள் புரோகிராம் சொல்லாகவே மதிக்கவில்லை என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால் மறுப்பது கஷ்டம். அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, தன் முன்கணிப்புத் தவறியதை எழுத்திலும் சொன்னார். 1990 மார்ச்சில் வந்த டெக் 3, 256 குறியீடுகளை ஏற்றது. பல மொழிகளின் சொல் உடைக்கும் விதிகளை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டது. ஒரு சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் குறைந்தபட்சம் எத்தனை எழுத்தைப் பிரிக்காமல் விட வேண்டும் என்பதை மொழிக்குத் தக்கபடி மாற்ற வழி செய்தது.

இந்தச் சம்பவத்தைப் பெருந்தன்மைக் கதையாகப் படிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 128 என்ற எண் யந்திரச் சிக்கனம் மட்டும் அல்ல. உபயோகிப்பவன் யார் என்பது பற்றிய ஒரு சித்திரம் அதற்குள் இருந்தது. அந்தச் சித்திரத்தில் இருந்தவன் ஆங்கிலத்தில் எழுதும் கணிதக்காரன். மற்றவர்களுக்கு அதில் இடம் மறுக்கப்படவில்லை. அவர்கள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். படைப்பாளி தன் தேவைக்கே உண்மையாக இருந்தால் போதும் என்ற நம் பழைய கட்சி இங்கேதான் இடறுகிறது. தானே திட்டமிட்டு, தானே எழுதி, தானே உபயோகித்துப் பார்த்த ஒருவர், தனக்குத் தேவைப்படாத ஒன்றைத் தேவை என்று உணரவே வழியில்லை. வெளியிலிருந்து யாராவது வந்து கேட்டால்தான் உண்டு. வேண்டுகோள் என்பது இந்த இடத்தில் விமர்சனத்தின் வேலையைச் செய்கிறது. அந்த ஐரோப்பியர்கள் வசதி கேட்டதாகச் சொல்வதைவிட, முடிந்துவிட்டது என்று அவர் நினைத்த பிரதியில் ஒரு விடுபாட்டைக் காட்டினார்கள் என்று சொல்வதே பொருந்தும்.

4

கதவு ஒருமுறை திறந்தது. உடனே எல்லோரும் நுழையப் பார்த்தார்கள். அதே 1990இல் ஃபிராங்க் மிட்டல்பாக் என்ற ஜெர்மானியர், டெக்கால் செய்ய முடியாதவை என்ன என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். செப்டம்பர் டக்போட் இதழில் அது வந்தது. காழ்ப்பில் எழுதிய கட்டுரை அல்ல. டெக்கின் உள்ளமைப்பை அணு அணுவாக அறிந்தவர் எழுதியது. அவர் காட்டிய குறைகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பத்தியை வரிகளாக உடைக்கும்போது டெக் பத்தி முழுவதையும் பார்த்து முடிவு செய்யும். கடைசி வரியின் நன்மைக்காக முதல் வரியைச் சற்றே நெகிழ்த்தும். க்னூத்தும் பிளாஸும் சேர்ந்து கண்ட முறை அது, 1981இல் வெளியிட்டார்கள். ஆனால் பக்கங்களைப் பிரிக்கும்போது அந்த நிதானம் இல்லை. ஒரு பக்கம் நிரம்பியதும் அதை வெட்டி அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பின்னால் வரப்போகும் பக்கங்களைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. காரணம், 1970களின் யந்திரங்களில் பல பக்கங்களை ஒன்றாக நினைவில் வைத்திருக்க இடம் இல்லை. 1990இல் இடம் இருந்தது. இன்று கையடக்க டெலிபோனில்கூட இருக்கிறது.

அடுத்த இதழில், ஒரே பக்கத்தில், க்னூத்தின் அறிவிப்பு வெளியாயிற்று. டெக்கிலும், எழுத்துரு வரையும் அதன் துணைப் புரோகிராமான மெட்டாஃபாண்டிலும் தன் வேலை முடிந்துவிட்டது. மிகக் கடுமையான பிழைகளைத் தவிர எதையும் திருத்தப்போவதில்லை. டெக்கின் பதிப்பு எண் இனி பை என்ற கணித எண்ணை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நீளும். 3.1, பிறகு 3.14, பிறகு 3.141. மெட்டாஃபாண்டின் எண் அதேபோல் ஈ என்ற எண்ணை நோக்கி நீளும். தான் இறந்த பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகிவிட வேண்டும். அந்தக் கணத்திலிருந்து, மிச்சமிருக்கும் பிழைகள் எல்லாம் டெக்கின் குணங்களாகிவிடும். இவற்றுக்குப் பிறகுதான் முக்கியமான விஷயம் வருகிறது. யார் வேண்டுமானாலும் இந்த மூலத்தை எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மாற்றிய பிறகு அதை டெக் என்று அழைக்கக் கூடாது.

பெயரைக் காக்க ஒரு பரீட்சையும் இருக்கிறது. யாரும் எழுதத் துணியாத கோணல்மாணலான கட்டளைகள் நிறைந்த ஒரு பிரதியை அவர் செய்து வைத்திருக்கிறார். ஒரு புரோகிராம் அந்தப் பிரதியைத் தின்று, அவர் எதிர்பார்த்த அதே விளைவுகளைத் தந்தால்தான் அது டெக். 1978க்கும் 1982க்கும் இடையில் பல டெக்குகள் முளைத்த அனுபவத்திலிருந்து வந்த ஜாக்கிரதை இது.

வேண்டுகோள்கள் வந்து சேரும் வழியையும் அவர் குறுக்கினார். 1990 ஜனவரி 1 முதல் அவர் மின்னஞ்சல் பார்ப்பதை விட்டுவிட்டார். டெக் பற்றி வருபவற்றை டக்போட்டின் நீண்டகால ஆசிரியரான பார்பரா பீட்டன் வாங்கிச் சேர்த்து வைத்துவந்தார். விஷயம் தெரிந்தவர்கள் அவற்றைச் சலித்து, உண்மையான பிழை என்று தோன்றுபவற்றை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் முன் வைப்பார்கள். சல்லடையில் முதலில் கழிவது விருப்பங்கள்தாம்.

இது எதேச்சாதிகாரம் அல்லவா என்று கேட்கலாம். அன்றும் கேட்டவர்கள் உண்டு. எதிர்வழியும் இருந்தது. எம்ஐடியின் ஆய்வுக்கூடத்தில் 1976இல் உருவான ஈமாக்ஸ் என்ற, பிரதிகளை எழுதித் திருத்தும் புரோகிராம், உபயோகித்தவர்கள் பலர் தத்தம் தேவைக்குச் செய்துகொண்டவற்றைத் திரட்டி உண்டானது. அதன் கர்த்தாவான ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் எதையும் சேர்க்கலாம், ஆனால் சேர்த்ததைத் தன்னிடம் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். ஒரு கம்யூனைப்போல, எல்லாம் பொதுவில் வந்து சேர வேண்டும். வேண்டுகோளுக்கு அங்கே மறுப்பில்லை. தாமதம் மட்டும் உண்டு. ஆனால் தாமதமும் ஒரு மறுப்பாகிவிடும். 1991இல் ஒரு கம்பெனி, தனக்கு வேண்டிய வசதிகளுக்குக் காத்திருக்க முடியாமல், ஈமாக்ஸைத் தனியே பிரித்துக்கொண்டு போயிற்று. இரண்டு ஈமாக்ஸ்களும் பல ஆண்டுகள் ஒன்றையொன்று பார்த்துப் போட்டியிட்டு வளர்ந்தன. திறந்த கதவும் பிளவைத் தடுக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். க்னூத் பிளவைத் தடுக்க முயலவில்லை. பிரிந்து போகிறவர்கள் வேறு பெயரில் போகட்டும் என்று முன்கூட்டியே வழி வகுத்தார்.

5

போனார்கள். 1990களில் ஈடெக் வந்தது. செக் நாட்டின் புர்னோ நகரில் படிக்க வந்த வியட்நாமிய மாணவர் ஹான் தே தான், நேரடியாகப் பிடிஎஃப் பக்கங்களைத் தரும் பிடிஎஃப்டெக்கைச் செய்தார். ஜப்பானியர் தம் எழுத்துகளுக்காகப் பீடெக் செய்துகொண்டார்கள். யூனிகோடை ஏற்கும் ஒமேகாவை யானிஸ் ஹரலாம்பூஸும் ஜான் பிளைஸும் செய்தார்கள். 2004இல் ஜோனதன் க்யூவின் ஸீடெக் வந்தது. அதன் பின் லுவாடெக். இவை எல்லாவற்றுக்குள்ளும் க்னூத்தின் டெக்தான் இருக்கிறது. எதுவும் டெக் என்ற பெயரில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நிராகரிக்கப்பட்ட வேண்டுகோளின் உருவம். கேட்டவர்களே கடைசியில் செய்தவர்களானார்கள்.

இங்கே நம் மொழிக்கும் ஒரு சிறு இடம் உண்டு. 1990 வாக்கில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாமஸ் ரிட்ஜ்வே தமிழ் எழுத்துகளை மெட்டாஃபாண்டில் வரைந்து, டெக்கில் தமிழ் அச்சிட வழி செய்தார். ஆனால் கம்ப்யூட்டரில் தமிழ் யூனிகோடில் நிலைபெற்றபோது பழைய சிக்கல் புது உருவில் வந்தது. யூனிகோடில் சேமிக்கும் பரவலான முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் இடம் பிடிக்கும். க்னூத்தின் டெக்குக்கு ஒரு பைட்தான் ஓர் எழுத்து. மேலும் நாம் கொ என்று எழுதும்போது ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படும். தாளிலோ கொம்பு முன்னால் வந்து, ககரம் நடுவில் நின்று, கால் பின்னால் வரவேண்டும். இந்த இடமாற்றம் டெக்குக்குத் தெரியாது. அதைச் செய்யத் தெரிந்த பொறியை ஸீடெக் வெளியிலிருந்து வாங்கி உள்ளே பொருத்திக்கொண்டது. இன்று ஒருவர் தமிழ்ப் புத்தகத்தை இந்த வழியில் அச்சுக்கோக்கிறார் என்றால், அவர் உபயோகிப்பது 1990இல் மூடிய கதவுக்கு வெளியே பிறந்த ஒன்றைத்தான்.

1989இல் ஐரோப்பியர்கள் நேரில் போய்க் கேட்டார்கள், பெற்றார்கள். அந்த அறையில் நாம் இல்லை. இதற்காக க்னூத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் கேட்கும் உரிமை எல்லோருக்கும் சமம் என்பது பாதி உண்மைதான். பயணச் செலவும், சங்கமும், பத்திரிகையும், கேட்பதைக் கச்சிதமாக எழுதிக் காட்டத் தெரிந்த ஆட்களும் உள்ளவர்களின் வேண்டுகோள்தான் வேண்டுகோளாகக் காதில் விழுகிறது. மற்றவர்கள், யாராவது வேறு காரணத்துக்காகச் செய்துவைத்ததில் தம் தேவை தற்செயலாக நிறைவேறும்வரை காத்திருக்கிறார்கள். ஸீடெக் நமக்காகச் செய்யப்பட்டதல்ல. உலகத்தின் பல எழுத்துமுறைகளுக்காகச் செய்யப்பட்டபோது அதில் நாமும் இருந்தோம்.

மூடியதால் கிடைத்தது என்ன? நாற்பது ஆண்டுகளுக்கு முன் கணிதக்காரர் ஒருவர் க்னூத்தின் அடிப்படைக் கட்டளைகளில் எழுதிவைத்த பிரதி, இன்று எந்த யந்திரத்தில் போட்டாலும் அதே இடத்தில் வரி உடைந்து, அதே பக்கங்களாக வரும். கம்ப்யூட்டர் உலகில் இதற்கு ஈடான நிரந்தரம் அதிகம் இல்லை. 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம் கட்டுரைகளை டெக் மூலமாகவே வாங்கிச் சேர்த்துவைக்கத் துணிந்ததற்கு இதுவே ஆதாரம். டெக்கின் மேல் பிறர் கட்டிய லேடெக்கும் அதன் எண்ணற்ற துணைத் தொகுப்புகளும் வேண்டுகோளுக்கு இணங்கி மாறிக்கொண்டே இருப்பதால், பழைய கட்டுரைகளை மறுபடி எடுக்க அங்கே பழைய தொகுப்புகளையும் காப்பாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. மாறாத அடித்தளம் ஒன்று இருந்ததால்தான் மேல்மாடிகளை இவ்வளவு தாராளமாக இடித்துக் கட்ட முடிந்தது என்றும் சொல்லலாம்.

க்னூத் தன் பங்குக்கு என்ன விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அச்சு நன்றாக இல்லை என்பதற்காக ஓர் ஆண்டு ஒதுக்கிப் போனவர், ஏறக்குறைய பத்து ஆண்டுகளை அங்கே விட்டார். எந்தப் புத்தகத்துக்காகப் போனாரோ, அதன் மூன்றாம் தொகுதி வந்தது 1973இல்; நான்காம் தொகுதியின் முதல் பகுதி வந்தது 2011இல். இடைப்பட்ட 38 ஆண்டுகளுக்கும் டெக்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1990இன் அந்த ஒரு பக்க அறிவிப்பைப் பிடிவாதக்காரனின் குரலாக மட்டும் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வேண்டுகோளும் கேட்பவனுக்கு ஒரு வரி. ஏற்பவனுக்கு அது ஒரு வாரம்.

2010இல் டெக்கின் 32ஆம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் அவர் பூகம்பம் போன்ற ஓர் அறிவிப்பு செய்யப்போவதாகச் செய்தி பரவியது. மேடையேறி, ஐடெக் என்ற புதிய வாரிசை அறிவித்தார். பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு மணியை அடிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் யாராவது கேட்டிருக்கக்கூடிய, கேட்கக்கூடிய எல்லா வசதிகளும் அதில் உண்டு. கூட்டம் சிரித்து ஓய்ந்தது. அப்படி ஒன்று வரவில்லை, வரப்போவதும் இல்லை. முப்பது ஆண்டு வேண்டுகோள்களுக்கு அவர் மொத்தமாகச் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சரித்திரத்தைப் படித்த பிறகு என் பழைய கட்சியை நான் முழுதும் விட்டுவிடவில்லை. முடித்து வைக்கும் உரிமை செய்தவனுக்கு உண்டு. ஆனால் அதற்கு இரண்டு கடன்கள் இருக்கின்றன என்று இப்போது நினைக்கிறேன். முடிப்பதற்கு முன், தன் மனச் சித்திரத்தில் இல்லாதவர்கள் வந்து கேட்கும்போது ஒரு முறையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். முடித்த பிறகு, பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும். க்னூத் இரண்டையும் செய்தார். மறுப்பதை மட்டுமே கற்றுக்கொண்ட நாம் இந்த இரண்டில் எதைச் செய்தோம் என்பது எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

2021 ஜனவரியில் டெக்கின் பதிப்பு எண் 3.141592653 ஆயிற்று. அதற்கு முந்தைய எண் 2014இல் வந்தது. சேர்த்துவைத்த பிழைக் கடிதங்களை அவர் அடுத்துப் பிரித்துப் பார்க்கக் குறித்திருக்கும் ஆண்டு 2029. அப்போது அவருக்கு 91 வயது ஆகியிருக்கும்.